மடிப்புக்குள் போன இரண்டு வரிகள்

நூலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் படிப்பதை, வாழ்நாள் முழுதும் நூல்களோடு பழகிய நான், அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன். அப்படிப் படித்தவர் அந்நூலை எழுதியவரே.

கணபதி என்னும் புறநகரில் எங்கள் பதிப்பகம் இயங்கும் தகரக் கொட்டகை. ஆவணி மாதத்து ஞாயிறு முற்பகல். பக்கத்துப் பட்டறையில் கடைசல் எந்திரத்துக்கு விடுமுறை. ஆதலால் கூரைமேல் காகம் நடக்கும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது. மேசைமீது ஐம்பது படிகள் புதுத்துணி மணத்தோடு அடுக்கப்பட்டிருந்தன. தாளில் ஆன நூலன்று அது. பக்கங்கள் எல்லாம் துணி.

அதன் கவிதைகளை எழுதிய தெய்வானை, அடுக்கின் மேலே இருந்த படியை எடுத்தார். முதல் பக்கத்தில் தைத்திருந்த சிறு பட்டையை நகத்தால் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு நூலையே தலைகீழாகத் திருப்பினார். இரண்டாம் பக்கத்திலும் அவ்வாறே செய்தார். மூன்றாம் பக்கத்தோடு மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"ஏனுங்கய்யா, எல்லாப் பாட்டும் இப்படித்தான் மடிஞ்சு கெடக்குதுங்களா?"

ஆம் என்றேன். அப்போது என் குரலில் சிறிது பெருமிதமும் இருந்தது. அதை இங்கே மறைத்துப் பயனில்லை.

"அப்படீன்னா எம்பேர எடுத்துப்போடுங்க."

வெளியீட்டு நாளுக்கு மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன. அழைப்பிதழ்கள் அஞ்சலில் சேர்ந்துவிட்டன.

நிறுத்த முடியாத நூல்

எங்கள் பதிப்பகத்துக்கு 'ஏழுமடி' என்னும் பெயர் வந்த வகையை நான் எழுதிவரும் இத்தொடரில் இதுவரை நான் கூறவில்லை. அதை இங்கே கூறிவிடுவது முறை.

ஓவியர் சகாயராஜ் கணபதியில் பனியன் துணிகளுக்குப் படம் அச்சிடும் சிறு பட்டறை வைத்திருந்தார். பிறர் கேட்ட புலியையும் மலரையும் அச்சிட்டு முடித்தபின், அதே அச்சுச் சட்டங்களில் தாம் வரைந்தவற்றைத் தாளில் அச்சிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். கல்லூரிப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்ற புதிதில், ஒரு குளத்தைப் பற்றிய ஒரே கவிதையை ஆறடி நீளத் தாளில் அச்சிட்டு, ஏழு மடிப்பாக மடித்து என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு மடிப்பிலும் நீர்மட்டம் ஒரு விரற்கடை இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசி மடிப்பில் வெடித்த மண் மட்டும் இருந்தது. கவிதையும் அங்கே முடிந்தது.

அன்றே பதிப்பகம் தொடங்குவதென்று இருவரும் முடிவு செய்தோம். இதழ்களுக்கு எழுதுவதையும் மாணாக்கருக்குப் பாடம் சொல்வதையும் தவிர வேறொன்றும் அறியாதவன் நான். ஓய்வூதியத்தோடு வீட்டில் அமர்ந்திருக்கலாம் என்று அறிவுரை கூறியவர்கள் உண்டு. அந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை.

நகரத்துப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் எங்கள் முதல் நூலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "முதுகே இல்லாம இத எங்கீங்க நிறுத்தறது?" என்று கேட்டார். நூல்கள் நிற்பது முதுகைக் காட்டித்தான், அது உண்மையே. நல்ல மனிதர், திருப்பி அனுப்ப மனமின்றி, நாட்காட்டிகளுக்கு நடுவே ஆணியில் தொங்கவிட்டார். விந்தை என்னவெனில், அங்கேதான் அது விற்றது. வாங்கியவருள் ஒருவர் இது எந்த ஆண்டுக்குரியது என்று கேட்டதாகவும், எல்லா ஆண்டுக்கும் பொருந்தும் என்று தாம் சொல்லி அனுப்பியதாகவும் கடைக்காரர் பின்னர் என்னிடம் கூறினார்.

அதன்பின் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ செய்தோம். கவிதை ஒருவருடையது, ஓவியம் சகாயராஜுடையது, பிழைதிருத்தமும் முன்னுரையும் என்னுடையவை. ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: எழுதியவர் கண்ணால் கண்டு கையெழுத்திடாமல் எந்தப் பக்கமும் நூலாகாது.

உணவுப் பெட்டியில் வந்த கவிதைகள்

பல்லடத்தில் நடந்த ஒரு கவிதை அரங்கில் பேசிவிட்டு இறங்கியபோது, நாற்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் வழிமறித்து ஓர் எவர்சில்வர் உணவுப் பெட்டியை நீட்டினார். எனக்குச் சிற்றுண்டி கொண்டுவந்திருக்கிறார் என எண்ணி, உண்டுவிட்டதாகச் சொல்லி மறுத்தேன்.

"சோறு இல்லீங்க, தொறந்து பாருங்க" என்றார்.

உள்ளே சட்டைக் கழுத்தில் தைக்கும் பட்டைகள், நூற்றுக்கணக்கில். சாயம் பிறழ்ந்ததால் கழிக்கப்பட்டவை. ஒவ்வொன்றின் வெற்றுப் பின்புறத்திலும் பேனாவால் நான்கு வரி எழுதியிருந்தது. ஐந்தாம் வரிக்கு அதில் இடமில்லை.

அவர்தாம் தெய்வானை. காரமடைப் பக்கம் பிறந்தவர். பெற்றோர் பிறர் தோட்டங்களில் கூலிவேலை செய்தவர்கள். மணமாகிப் பல்லடம் வந்தபின், பின்னலாடை நிறுவனத்தில் கழுத்துப் பட்டை தைக்கும் எந்திரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். இப்போது பிறர் தைத்ததைச் சரிபார்க்கும் பிரிவில் பணி. கோணல் தையலைப் பத்தடித் தொலைவிலிருந்தே கண்டுபிடிப்பார் என்று உடன் பணிபுரிவோர் சொல்வர்.

அந்தப் பட்டைகளுக்கு நான் 'பெயர்ப்பட்டை' என்று பெயரிட்டேன். மூன்று மாதம் அச்சொல்லை விடாமல் வழங்கினேன். "நீங்க பட்டைன்னு சொல்றப்பெல்லாம் எனக்கு விபூதிதானுங்க நெனப்புக்கு வருது. லேபிளுன்னே சொல்லிப்போடுங்க" என்றார் தெய்வானை. நான் இன்றும் பட்டை என்றே எழுதுகிறேன். அவரிடம் பேசும்போது மட்டும் லேபிள் என்கிறேன்.

கவிதைகளை எந்த வடிவில் பிறந்தனவோ அந்த வடிவிலேயே நூலாக்க வேண்டும் என்றார் சகாயராஜ். தேர்ந்தெடுத்த முப்பது கவிதைகள், முப்பது பட்டைகள். எழுத்துகளை அச்சிடக் கூடாது. சட்டை நிறுவனங்களின் பெயரை நெய்வது போலவே நெய்ய வேண்டும். பட்டைகளைத் தைக்கும் துணிப் பக்கங்களில், கழுத்து, கை, தோள் என ஒரு சட்டையின் உறுப்புகளை நீலக் கோட்டில் அவர் அச்சிடுவார். ஐம்பது படிகள்.

பல்லடத்தில் பட்டை நெய்யும் எந்திரங்களை வைத்திருக்கும் குழந்தைவேல் எங்கள் கோரிக்கையைக் கேட்டு, பெட்டியிலிருந்த பட்டைகளுள் சிலவற்றை எடுத்துப் படித்தார். பிறகு, இத்தனை ஆண்டாக அளவும் துவைக்கும் முறையும்தான் நெய்திருப்பதாகவும், முதல் தடவையாகப் படிக்கத் தக்க ஒன்றை நெய்யப்போவதாகவும் கூறி ஒப்புக்கொண்டார். முப்பது கவிதைகளும் வெட்டாத ஒரே நாடாச் சுருளாக நெய்து வந்தன. தெய்வானை தம் வார விடுப்பில் வந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, சுருளை அங்குலம் அங்குலமாக ஓடவிட்டுப் பார்த்தார். நான்கு வரியும் சரி என்று கையெழுத்திட்டார்.

அதன்பின் நிகழ்ந்ததற்கு எவர்மீதும் குற்றம் சாட்ட இயலாது.

கழுத்துப் பட்டையைச் சூட்டுக் கத்தியால் வெட்டி, நடுவில் மடித்து, சூட்டில் அழுத்தி அனுப்புவது அத்தொழிலின் வழக்கம். மடித்தால்தான் இரு முனைகளும் தையலுக்குள் ஒன்றாய்ப் போகும். குழந்தைவேல் அப்படியே மடித்து அனுப்பினார். கணபதியில் நாங்கள் அமர்த்திய தையற்காரர்களும் சட்டை தைத்துப் பழகிய கைகள். இரு முனைகளையும் பக்கத்தின் மேலோரத் தையலுக்குள் செருகித் தைத்தார்கள். கவிதையின் முதல் இரண்டு வரிகள் முகப்பில் நின்றன. மற்ற இரண்டும் பின்னே, தலைகீழாக, துணியை ஒட்டி மறைந்தன.

கப்பலேற வேண்டிய சரக்கு மிகுந்திருந்த மாதம் அது. தெய்வானைக்கு ஞாயிறும் பணி இருந்தது. சுருளில் கையெழுத்து வாங்கியாயிற்றே என்று நாங்கள் மெத்தனமாக இருந்துவிட்டோம். மடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

பதினொரு பக்க முன்னுரை

தைத்து வந்த படிகளைக் கண்டதும் சகாயராஜ் தலையில் கைவைத்து அமர்ந்துவிட்டார். நானோ பட்டையைத் தூக்கிப் பார்த்தேன். பின்னே ஒளிந்திருந்த வரிகளைக் கண்டேன். எனக்கு உடனே அகமும் புறமும் நினைவுக்கு வந்தன.

தமிழ் படித்தவனுக்கு இது ஒரு நோய். எதைக் கண்டாலும் அதற்கு ஈராயிரம் ஆண்டு மரபு ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவான். வெளியே நிற்கும் வரிகள் புறம். தூக்கிப் பார்ப்பவனுக்கே புலப்படும் வரிகள் அகம். தலைகீழாய் நிற்பது உள்ளத்தின் இயல்பு. இவ்வாறு இரண்டே நாளில் பதினொரு பக்க முன்னுரை எழுதி முடித்தேன். படித்துப் பார்த்த சகாயராஜின் கவலையும் நீங்கிற்று. பிழையென்று எண்ணியது பேறாக வாய்த்தது என்றே இருவரும் நம்பினோம்.

அதோடு நிற்கவில்லை. ஒரு கல்லூரித் தமிழ்மன்றத்தில் அம்முன்னுரையைப் படித்தும் காட்டினேன். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த சிறந்த கைதட்டல்களுள் அதுவும் ஒன்று.

ஆக, அந்த ஞாயிறு முற்பகலில் தெய்வானை தம் பெயரை எடுத்துவிடச் சொன்னபோது, என் எதிரே ஐம்பது படிகளோடு அக்கைதட்டலும் இருந்தது.

"படியுங்க"

முதலில் விளக்க முற்பட்டேன். அகத்திணையில் தொடங்கி, ஏறத்தாழ கால் மணி நேரம் பேசினேன். தெய்வானை குறுக்கிடவில்லை. ஓரிரு முறை சகாயராஜைப் பார்த்தார்; அவர் தம் கையிலிருந்த சாயக்கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இறுதியில், சுருளில் நீங்கள் ஒப்புதல் கையெழுத்து இட்டீர்கள் அன்றோ என்றும் கேட்டேன். அக்கேள்வியை எண்ணி இப்போது கூசுகிறேன்.

"சுருள்ல நாலு வரி இருந்துச்சுங்க" என்றார்.

பிறகு அந்த நூலைத் திறந்து என் முன்னே நகர்த்தினார். "தூக்காம, தெரியறத மட்டும் படியுங்க."

படித்தேன்.

கழுத்தில் உறுத்துகிறதென்று
கத்தரித்து எறிந்தேன்.

"அவ்வளவுதானுங்களா?"

"முகப்பில் அவ்வளவுதான்."

"இது நாஞ் சொன்னது இல்லீங்க. சட்டை போட்டவங்க சொன்னதுங்க."

பட்டையைத் தூக்கி, தலைகீழாய் இருந்த மற்ற இரண்டு வரிகளை அவரே சொன்னார். பார்த்துச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

ஊசி ஏறிய விரலை
நான் எங்கே எறிய?

தெய்வானையே தொடர்ந்தார். "பன்னண்டு வருசம் லேபிளு தெச்சனுங்க. பொறத்தால என்ன இருக்குமின்னு எனக்குத் தெரியுமுங்க. எந்தத் தண்ணியில தொவைக்கோணும், இஸ்திரி போடலாமா கூடாதான்னு இருக்கும். அதத் தூக்கிப் பாக்கறவங்க ஊருக்கு ஒருத்தரு. எம்பாட்ட அங்க கொண்டுபோயி வெச்சுப்போட்டு, தேடிப் படிக்கட்டும்ங்கறீங்க. தேட மாட்டாங்கய்யா."

நான் முப்பது பக்கங்களையும் புரட்டினேன். முகப்பில் தெரிந்த வரிகளை மட்டும் படித்துக்கொண்டே சென்றேன். மேற்பார்வையாளர் பேசுவது, பேருந்து நடத்துநர் பேசுவது, வீட்டுக்காரர் பேசுவது. தெய்வானை தம் கவிதைகளில் முதலில் பிறரைப் பேசவிட்டு, மூன்றாம் வரியில்தான் தாம் வாய் திறக்கிறார். இவ்வமைப்பை அவர் உணவுப் பெட்டியை நீட்டிய நாளிலேயே நான் கண்டிருக்க வேண்டும். முப்பது கவிதைகளுக்கும் பிழைதிருத்தியவன் நான். பதினொரு பக்கம் எழுதியவனும் நான்.

வெளியீட்டைத் தள்ளிவைக்கலாம் என்றார் சகாயராஜ். வேண்டாம் என்றேன். குறித்த நாளில், நான்கு வரியோடு வெளியிடுவோம் என்றேன்.

"அப்பப் பிரிச்சுப்போடலாமுங்க" என்றார் தெய்வானை, ஆயிரத்தைந்நூறு பட்டைகளை ஒரு பார்வையில் அளந்துவிட்டு.

பிரித்தல்

மறுநாளே குழந்தைவேலிடம் சென்றோம். அவர் மெய்யாகவே வருந்தினார். "மடிக்காத லேபிளு யாருங்க கேட்டிருக்கறா? மடிக்க வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அப்படியே சுருட்டிக் குடுத்திருப்பனுங்களே" என்றார். புதிதாக நெய்து தரவும் முன்வந்தார். ஆனால் எந்திரங்கள் ஒரு மாதத்துக்கு வேறு பணியில் பூட்டியிருந்தன. ஆகவே தைத்ததைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

தெய்வானை தம்முடன் பணிபுரியும் நான்கு பெண்களை அழைத்துவந்தார். வேலை முடிந்து வரும் மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கொட்டகை நிறைந்துவிடும். நூல் வெட்டும் சிறு கத்தரியின் முனையால் தையலின் மூன்றாம் கண்ணியைக் கொத்த வேண்டும். பிறகு இழையை இழுத்தால் வரிசையே கழன்றுவரும். அவர்கள் பேசிக்கொண்டே, பாராமலே செய்தார்கள். நானும் ஒரு கத்தரி கேட்டேன்.

என் வேகத்தைப் பார்த்து, "ஐயா ஒரு லேபிளு பிரிக்கறக்குள்ள காலேசுல ஒரு பாடம் முடிஞ்சுபோகுமாட்ட இருக்குது" என்றார் ஒருவர். மற்றொருவர், அந்தப் பாடமும் இப்படித்தான் போயிருக்கும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் கூறியது முற்றிலும் பொய்யன்று.

பிரித்த பட்டைகளை ஈரத்துணி போட்டுத் தேய்ப்பது தெய்வானையின் பணி. நீராவி எழும்; சூடேறிய இழையின் வாடை கொட்டகையில் பரவும். சூட்டில் விழுந்த மடிப்பு சூட்டிலேயே ஏறத்தாழ நீங்கிற்று. ஆயினும் இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையே மயிரிழை போல் ஒரு தடம் எஞ்சியது. அதையும் போக்க வழி தேடலாம் என்று சகாயராஜ் சொன்னார். "அது இருந்துட்டுப் போகுதுங்க. படிக்க முடியுதுங்களா, அது போதும்" என்றார் தெய்வானை. பட்டையை விரித்து வைத்து, இரு முனைகளை மட்டும் தைத்தார். வேறெவர் கைக்கும் அவ்வேலையைக் கொடுக்கவில்லை.

நான் பிரித்தவற்றுள் ஒரு பக்கம் கிழிந்தது. கத்தரி முனை வழுவிவிட்டது. தெய்வானை கிழிசலை இழைகோத்து அடைத்து, அந்தப் படியை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

நாற்பத்தொன்பது படிகள் முடிந்தன. ஐம்பதாவதைக் காணவில்லை. மேசையின் அடியிலும் பெட்டிகளிலும் தேடினோம். தெய்வானை மட்டும் தேடவில்லை. சகாயராஜைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓவியர் மெல்ல எழுந்து, தம் வண்ணப் புட்டிகளுக்குப் பின்னாலிருந்து மடித்துத் தைத்த அந்தப் படியை எடுத்துவந்தார். பதிப்பகத்தின் வரலாற்றுக்காக ஒன்று இருக்கட்டுமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். உள்ளூர எனக்கும் அந்த ஆசை இருந்தது. அவர் ஒளித்ததை நான் முன்னரே அறிவேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"ஒண்ணு இருந்தா, நாளைக்கு அதத்தானுங்க எல்லாருத்துக்கும் காட்டுவீங்க" என்றார் தெய்வானை.

நிச்சயமாக அதைத்தான் காட்டியிருப்போம். சகாயராஜ் கத்தரியை எடுத்துத் தாமே பிரிக்கத் தொடங்கினார்.

நூலோடு இணைக்க எழுதிய முன்னுரையைச் சேர்க்காமல் விட்டேன். அத்தமிழ்மன்றத்துக்கு மடல் எழுதி, நான் பேசியது பிழை என்றும், மறைந்து நின்ற வரிகளே அந்நூலின் உயிர் என்றும் தெரிவித்தேன். அம்மன்றத்தைச் சேர்ந்த என் நெடுநாள் நண்பர் ஒருவர், மடித்த வடிவமே சிறந்தது, ஓர் அம்மையாரின் பிடிவாதத்துக்காக அழகைக் கெடுத்துவிட்டீர்கள் என்று மறுமொழி விடுத்தார். அவருக்கு ஒரு படி அனுப்பினேன். வேறு விளக்கம் எழுதவில்லை.

குறித்த நாளில்

வெளியீடு பல்லடத்தில், குறித்த ஞாயிறு அன்றே, ஒரு சிறு மண்டபத்தில் நடைபெற்றது. தெய்வானையின் நிறுவனத்துப் பெண்கள் முன்வரிசைகளை நிறைத்திருந்தனர். குழந்தைவேல் ஓரமாக அமர்ந்து, பட்டைகளின் எழுத்து விளிம்புகளை விரலால் தடவித் தம் எந்திரத்தின் வேலையைத் தாமே சோதித்துக்கொண்டிருந்தார். நான் தலைமையுரையை ஐந்து நிமிடத்தில் முடித்தேன். கவிதைகளைத் தெய்வானையே படித்தார். ஊசி ஏறிய விரலைப் பற்றிய வரிகளுக்கு, முன்வரிசைப் பெண் ஒருவர் தம் இடக்கை ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டதைக் கண்டேன்.

முடிந்தபின் தெய்வானை என்னிடம் வந்து, தனியே எடுத்து வைத்திருந்த அந்தப் படியைத் தந்தார். நான் கிழித்து அவர் அடைத்த படி.

நாற்காலியில் அமர்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். நான்கு வரியும் நேராக நின்றன. படித்தேன். படித்து முடித்த பின்னும், பழக்கத்தால் என் ஆள்காட்டி விரல் பட்டையின் தைக்காத பக்கவாட்டில் நுழைந்து அதைத் தூக்க முயன்றது.

அருகில் நின்ற தெய்வானை அதைக் கவனித்துவிட்டார்.

"பொறத்தால ஒண்ணுமில்லீங்கய்யா. எல்லாம் முன்னாலயே இருக்குது" என்றார். "அடுத்த பக்கம் தள்ளுங்க."